பாபநாசத் தீர்த்தத்தில் மறைந்த முன்னோர்: வ. வே. சு. ஐயர்

ஆடி அமாவாசை நாளிலே தந்தையை இழந்தவர்கள் கடற்றுறைகளிலும், கன்னியா வெந்நீரூற்றுகளிலும், மகாவலி கங்கையின் துறைகளிலும் நீராடி, எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் செய்வது திருகோணமலைச் சைவ மக்கள் வழிவழியாகப் போற்றி வரும் மரபாகும். அன்று நினைக்கப்படுபவர்கள் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய குடும்பத்து முன்னோர்கள். ஒரு சமுதாயத்திற்கும் இவ்வாறே முன்னோர்கள் உண்டு. மொழியையும் அறிவையும் வளர்த்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துச் சென்றவர்களே அம்முன்னோர்கள். அவர்களுள் ஒருவர், தம் மகளைக் காப்பாற்றும் பொருட்டு ஆற்று நீரில் பாய்ந்து உயிர் நீத்த வ. வே. சு. ஐயர் ஆவார்.

கோணேசர் ஆலயத்தின் தீர்த்தத்திற்குப் பாவநாசம் என்று பெயர். தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையிலே, பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி ஆறு சமவெளிக்கு இறங்கும் இடத்திற்கும் பாபநாசம் என்றே பெயர். பாவங்களை நாசமாக்கும் தீர்த்தம் என்பதே இரண்டுக்கும் பொருள். இரு பகுதிகளையும் இணைக்கும் மற்றொரு பெயர் அகத்திய முனிவருடையது. மகாவலி கங்கைக் கரையிலே மூதூர்ப் பகுதியில் அமைந்த கங்குவேலி அகத்தியர் தாபனமும், அத்தலத்தின் பெருமை கூறும் திருக்கரைசைப் புராணமும் இப்பகுதி அடியார்கள் அறிந்தவை. கயிலையில் இறைவனின் திருமணம் நடந்தபோது வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர, அதைச் சமன் செய்ய அகத்தியர் தென்திசைக்கு அனுப்பப்பட்டார் என்பது புராணம். திருமணத்தைக் காண முடியாது போன முனிவருக்கு இறைவனும் அம்மையும் மணக்கோலத்தில் காட்சி கொடுத்த இடம் பாபநாசம் என்பர். அங்கே மலையிலுள்ள ஒரு தீர்த்தம் அதனாற்றான் கல்யாண தீர்த்தம் எனப்படுகிறது. அந்தத் தீர்த்தத்திலேதான் 1925ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் ஐயரும் அவருடைய மகள் சுபத்திரையும் நீரோடு போயினர். அப்போது ஐயருக்கு வயது 44.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரி என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் திகதி ஐயர் பிறந்தார். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பது முழுப்பெயர். அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே வ. வே. சு. ஐயர் என்று நாடு அவரை அழைத்தது. திருச்சிராப்பள்ளி புனித யோசேப்பு கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின், சட்டம் கற்று அந்நகர நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலை ஆரம்பித்தார். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணமும் நடந்தது. மனைவியார் பெயர் பாக்கியலட்சுமி.

1906இல் பர்மாவின் தலைநகரான இரங்கூனுக்குச் சென்று அங்கே தொழில் செய்தார். மறு ஆண்டு, பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திற் சேர்ந்தார். நல்ல வருமானம், பெரிய பங்களா, ஊரில் மதிப்பு என அன்றைய பாரிஸ்டர் ஒருவருக்கு எவையெல்லாம் கிடைக்குமோ அவையெல்லாம் அவருக்கும் கிடைத்திருக்கும். ஆனால் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது.

இலண்டனில் ஒரு விருந்து

இலண்டனில் இந்திய மாணவர்கள் தங்கும் இந்தியா விடுதியிலே சாவர்க்கர் முதலானோரின் நட்பு ஐயருக்குக் கிடைத்தது. ஆயுதம் ஏந்தியே நாட்டை விடுவிக்க முடியும் என்பது அவர்களுடைய கொள்கை. ஐயரும் அதனை ஏற்றுக்கொண்டார். அங்கிருந்தபடியே பாரதியாரின் இந்தியா பத்திரிகைக்குக் கடிதங்களும் எழுதி வந்தார்.

1909இல் காந்தியடிகள் தென்னாபிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க இலண்டன் வந்திருந்தார். அவ்வாண்டு விஜயதசமி விருந்துக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்தனர். விருந்துக்கான சமையலை மாணவர்களே செய்தனர். பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் அவர்களோடு மெலிந்த உருவமுடைய ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஐயர் வந்து பார்த்தபோதுதான், அன்றைய விருந்தின் தலைவர் காந்தியே அவர் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வந்தது. உடனிருந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் பிற்காலத்தில் சொல்லிய நிகழ்ச்சி இது. எல்லோருமாகச் சமைத்து எல்லோருமாக உண்ட அந்தப் பந்தியை இங்கே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஐயரின் வாழ்வை உலுக்கிய பெரும் பிரச்சினையும் ஒரு பந்தி பற்றியதேயாகும்.

1910இல் சாவர்க்கர் கைதானார். அவரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுசென்றபோது, யூலை மாதம் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் அவர் கடலிற் குதித்து நீந்திக் கரை சேர்ந்தார். ஆயினும் பிடிபட்டு மீண்டும் கப்பலுக்குக் கொண்டுவரப்பட்டார். அவரை அழைத்துச் செல்ல மோட்டார் வண்டியில் விரைந்த ஐயரும் காமா அம்மையாரும் சிறிது பிந்தி வந்து சேர்ந்தனர் என்பர்.

ஐயரையும் கைதுசெய்ய ஆணை பிறந்தது. பாரிஸ்டர் பட்டத்தைக் கைவிட்டு, மாறுவேடத்தில் அவர் ஐரோப்பாவை விட்டு வெளியேறினார். தாடி வளர்த்துச் சீக்கியர் போலப் பயணம் செய்ததாகவும், பெட்டியிலிருந்த பெயரெழுத்துகளைக் கண்டு ஐயுற்ற ஒற்றரிடம் அவை விக்கிரம் சிங் என்ற பெயருக்கு உரியவை எனக் காட்டித் தப்பியதாகவும் ஒரு கதை இன்றும் வழங்குகிறது. அவ்வாண்டு டிசெம்பரில் அவர் புதுச்சேரி சேர்ந்தார்.

புதுச்சேரியில் பத்து ஆண்டுகள்

புதுச்சேரி அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. ஆதலால் பிரித்தானியப் பொலிசார் அங்கே எவரையும் நேரே பிடிக்க முடியாது. பாரதியாரும் அரவிந்தரும் அவ்வாறே அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். ஐயர் பத்து ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தார். இளைஞர்களுக்குத் தேகப்பயிற்சியும் கைத்துப்பாக்கிப் பயிற்சியும் அளித்தார். 1911 யூன் 17ஆம் திகதி மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வாஞ்சிநாதன். அவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். வாஞ்சிநாதன் ஐயரிடம் பயிற்சி பெற்றவர் என்று கூறப்பட்டமையால், புதுச்சேரியில் இருந்தவர்கள் மீதான ஒற்றர் கண்காணிப்பு மேலும் கடுமையாயிற்று.

முதலாம் உலக யுத்தம் மூண்டதும் மற்றுமொரு சோதனை வந்தது. 1914 செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. இலங்கையை அண்டிய கடலிலும் அக்கப்பல் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. கெட்டிக்காரனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் அக்கப்பலின் பெயரால் வந்ததே. இத்தாக்குதலுக்குப் புதுச்சேரியில் இருந்தவர்களே உடந்தை எனக் கருதிய பிரித்தானிய அரசு, ஐயரையும் நண்பர்களையும் ஆபிரிக்காவுக்கு நாடுகடத்துமாறு பிரெஞ்சு ஆளுநரை வற்புறுத்தியது. அது நிறைவேறவில்லை.

எழுத்துப் பணி

நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத அந்த நெருக்கடியின் நடுவிலேதான் ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்நூல் 1916இல் வெளிவந்தது. 1330 குறள்களையும் தமிழறியாதார் படிக்க வழி செய்த முயற்சிகளுள் இது முக்கியமானது.

1915இல் அவர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதை, தமிழின் முதற் சிறுகதைகளுள் ஒன்றாக அறிஞர்களாற் போற்றப்படுகிறது. குளக்கரையில் நிற்கும் அரசமரம் தான் கண்டதைச் சொல்வதாக அக்கதை அமைந்துள்ளது. உருக்குமணி என்ற பெண்ணின் தந்தை, பணம் போட்டிருந்த வங்கி முறிந்ததனால் ஏழையாகிறார். அதனால் மாமியார் வீட்டார் அவளை ஒதுக்கி, கணவனுக்கு வேறு பெண் பார்க்கின்றனர். கணவன் அவளைக் கைவிடும் எண்ணம் இல்லாதவன். ஆனால் அதை உரிய வேளையில் அவளிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறான். அவள் குளத்தில் விழுந்து உயிர் விடுகிறாள். பெண் பிள்ளைகளின் மனத்தை விளையாட்டுக்கும் நோகச் செய்யலாகாது என்பதே அக்கதை தரும் பாடம். பாடசாலைகளில் இன்று பிள்ளைகள் படிக்கும் தமிழ்ச் சிறுகதைகளுக்கெல்லாம் இக்கதை ஒரு மூத்த கதையாகும்.

சிறையும் கம்பனும்

யுத்தம் முடிந்து பொதுமன்னிப்பு வழங்கப்பட்டதும் 1920இல் ஐயர் சென்னைக்குத் திரும்பினார். இதற்குள் அவரது உள்ளம் பெரிதும் மாறியிருந்தது. துப்பாக்கியை நம்பியிருந்தவர் காந்தியடிகளின் அகிம்சை வழியை ஏற்றார். தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரானார். அரசுக்கு எதிராக எழுதினார் என்ற குற்றச்சாட்டில் 1921இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பெல்லாரிச் சிறையில் ஒன்பது மாதங்கள் இருந்தார். ஆயுதப் பயிற்சி அளித்த காலத்தில் பிடிபடாதவர், அகிம்சையை ஏற்ற பின் எழுத்துக்காகச் சிறை புகுந்தார். சிறையில் இருந்தபடியே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஹோமர், மில்டன் முதலிய மேனாட்டுக் கவிகளின் காவியங்களோடு கம்பனை ஒப்பிட்டு, கம்பனின் உயர்வைக் காட்டும் நூல் அது. அவர் மறைந்து 25 ஆண்டுகளின் பின், 1950இல் அது அச்சேறியது.

சேரன்மாதேவிக் குருகுலம்

விடுதலையான பின் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை ஐயர் தொடங்கினார். பின்னர் அது சேரன்மாதேவிக்கு மாற்றப்பட்டது. இரண்டும் தாமிரபரணிக் கரை ஊர்கள். தாய்மொழியாம் தமிழிலே கல்வி, கைத்தொழில், தேகப்பயிற்சி, தேசபக்தி என்பன அதன் நோக்கங்கள். ஆங்கிலம் படித்தால்தான் உத்தியோகம் என்றிருந்த காலத்தில் இது துணிவான முயற்சியாகும். பொதுமக்கள் பலரும் பணம் உதவினர். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

குருகுலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தனர். ஆயினும் இரண்டு பிராமண மாணவர்கள் மட்டும் தனியே உணவு உண்ண அனுமதிக்கப்பட்டிருந்தனர். அவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஐயர் இதனை அனுமதித்திருந்தார். இச்செய்தி வெளியே பரவியதும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு உள்ளும் ஒரு பிள்ளைக்கு வெளியும் எவ்வாறு இருக்கலாம் என்று டாக்டர் வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி முதலானோர் கேட்டனர். நாயுடுவின் தமிழ்நாடு பத்திரிகை இதனைத் தொடர்ந்து எழுதியது. 1925இல் தமிழகம் வந்த காந்தியடிகள், அவ்விரு மாணவர்களுக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம் என்றும், இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கலாகாது என்றும் சமரசம் கூறினார். ஆயினும் பிணக்குத் தீரவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று காங்கிரஸ் குழு தீர்மானம் நிறைவேற்றியது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டின் இறுதியில் ஈ. வெ. இராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறியமைக்கும் இப்பிரச்சினை ஒரு காரணமாயிற்று.

இலங்கைத் தமிழருக்கும் இக்கேள்வி புதியதன்று. 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இதே காலத்தில் சாதி வேற்றுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தது. பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்ற போராட்டம் வடக்கிலே பல ஆண்டுகள் நடந்தது.

ஐயர் சாதி வெறி கொண்டவர் அல்லர் என்பதற்கு அவரது வாழ்வில் சான்றுகள் பல உள. எனினும், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கையும் மற்றப் பிள்ளைகளின் மனத்தையும் ஒருங்கே காக்க அவரால் இயலாது போயிற்று. பந்திக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு, உள்ளே இருந்தவரின் நல்லெண்ணம் ஆறுதல் தராது. பெரியவர்களின் வாழ்வைப் போற்றும்போது இதனை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தீர்த்தக் கரையில்

இப்பிணக்கு எழுப்பிய புழுதி அடங்குமுன்னரே, 1925 யூன் தொடக்கத்தில் ஐயர் பாபநாசத்துக்குச் சென்றார். மகள் சுபத்திரையும் மகனும் குருகுல மாணவர்களும் உடன் சென்றனர். பொதிகை மலையின் உச்சியில் பெய்யும் மழை தாமிரபரணியில் இறங்கி வரும் காலம் அது. மலையாற்றின் இயல்பைத் திருகோணமலை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மலைநாட்டில் மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மகாவலி கங்கை பெருகி வருவதை வெருகலிலும் மூதூரிலும் உள்ளவர்கள் அறிவர். பாபநாசத்தில் நீர் பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடும். பார்க்கும்போது ஓர் எட்டில் தாண்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் பாறை பாசி பிடித்து வழுக்கும், நீர் ஆழமானது, இழுப்பும் பெரிது.

சுபத்திரை அந்த நீரோட்டத்தைத் தாண்ட முயன்றபோது கால் தவறி நீரில் விழுந்தாள். அதைக் கண்ட ஐயர் மறுகணமே பாய்ந்தார். நீர் இருவரையும் இழுத்துச் சென்றது. மகள் மீளவில்லை. தந்தையும் மீளவில்லை. கரையில் நின்ற மகன் இதைக் கண்டான்.

எத்தனையோ நாட்டுப் பொலிசார் தேடியும் பிடிபடாதவர், யுத்தகாலத்தைக் கடந்தவர், சிறையைக் கடந்தவர், ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கப் போய் ஒரு கணத்தில் மறைந்தார். மார்செய்யில் பிந்தி வந்தவர், இங்கே ஒரு கணமும் பிந்தவில்லை. அவர் தொடங்கிய பணிகள் பலவும் இடையிலே நின்றன. அவர் நடத்தி வந்த பாலபாரதி என்னும் மாத இதழும் ஆசிரியரை இழந்தது.

நினைவிற் கொள்ள வேண்டியது

நீர் கொண்டுபோனவர்களின் நினைவு திருகோணமலை மாவட்டத்தில் பல குடும்பங்களில் உண்டு. 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து பெருகிய நீரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலே எழுந்து வந்தது. இவ்வாறான வேளைகளில் தாம் தப்ப முடிந்தும் பிள்ளைக்காகத் திரும்பி ஓடிய தாய் தந்தையர் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்கள் நூல்களில் இல்லை. ஐயரின் பெயர் நூல்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கணத்தில் அவர்களுக்கும் இவருக்கும் வேற்றுமை இல்லை. நூலாசிரியர், புரட்சியாளர், குருகுலத் தலைவர் என்பன எல்லாம் கரையிலே நின்றுவிட, நீரில் இறங்கியவர் ஒரு தந்தை.

ஐயரின் வாழ்விலிருந்து அடியார்கள் எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு. தீர்த்தத் திருவிழாவுக்குக் குளத்திற்கோ ஆற்றிற்கோ கடலுக்கோ பிள்ளைகளுடன் செல்வோர், தீர்த்தம் புனிதமானது என்பதனால் நீரின் இழுப்புக் குறைவதில்லை என்பதை மறத்தலாகாது. சிறுவர்களைக் கைப்பிடியிலேயே வைத்திருத்தல் வேண்டும். மற்றையது அன்னதானப் பந்தி. கோயிலில் இறைவன் பெயரால் இடப்படும் சோறு எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே பந்தி என்பதை ஒவ்வோர் ஆண்டும் நடத்திக் காட்டுவதே, ஐயர் காலத்தில் தீராது நின்ற கேள்விக்கு ஏற்ற விடையாகும்.

ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் வேளையில், தம் குடும்பத்து முன்னோரோடு இந்தத் தமிழ் முன்னோரையும், அவர் மகள் சுபத்திரையையும், இம்மண்ணிலே நீரில் மறைந்த அனைவரையும் ஒருகணம் நினைத்தல் தகும். அவர்களின் ஆன்மாக்கள் இறைவன் திருவடி நிழலில் அமைதி பெறுக.